தாழ்ப்பாளில் உட்கார்ந்த பூச்சி

பத்தொன்பது நாள் கழித்துக் கிடைத்த ஒரு விடுமுறையை எப்படிக் கழிப்பது என்று அண்ணி திட்டமே போட்டு வைத்திருந்தாள். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுவது. அப்புறம் காலை நீட்டிப் படுப்பது. யாராவது கூப்பிட்டால் காது கேட்காத மாதிரியே கிடப்பது. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் அண்ணி. அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் நாத்தனார் ஒருத்திதான். ஆனால் கல்யாணமான புதிதில் அவள் 'அண்ணி, அண்ணி' என்று வீடு அதிரக் கூப்பிட்டதில், அந்தப் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தொற்றிக்கொண்டது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மட்டும் அவள் 'ஊசியம்மா'. தினம் எழுபது எண்பது கைகளில் நரம்பு தேடிக் குத்துகிற வேலை.

அந்த நாத்தனார்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றவள். தொடக்கப்பள்ளி டீச்சர். பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாள் வந்தாள். என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டார், அப்பா கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

"அந்த மனுஷனோட என்னால இருக்க முடியாது. காரணம் கேக்காதீங்க."

மூன்று வாரமாக மாப்பிள்ளை போன் அடித்துக்கொண்டே இருந்தார். இவள் எடுக்கவே இல்லை. பொறுத்துப் பார்த்த மாமனார், போன வாரம் யாரையும் கேட்காமல் மாப்பிள்ளையை வரச் சொல்லிவிட்டார். இன்று, காலை பதினோரு மணிக்கு. அதை மகளிடம் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு இல்லை. "நீ சொன்னாத்தாம்மா கேப்பா" என்று அதுவும் அண்ணி தலையில்தான் விழுந்தது.

டீச்சர் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "வரட்டும்."

அந்த 'வரட்டும்' அண்ணிக்குப் பிடிக்கவில்லை. ஊசியைக் காட்டினதும் அழுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். 'ம், குத்துங்க' என்று பல்லைக் கடிப்பவர்கள்தான் மயங்கி விழுவார்கள்.

மணி ஒன்பதே முக்கால். உள் குளியலறையில் மாமனார். அவர் உள்ளே போனால் வெளியே வர ஒரு மணி நேரம். அதனால் டீச்சர் துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறக் குளியலறைக்குப் போயிருந்தாள். அண்ணி ஈரத் துணி வாளியோடு பின்கதவைத் திறந்தாள்.

கொல்லை என்றால் பெரிதாக இல்லை. நாலெட்டு சிமெண்டுத் தரை, ஒரு கொடிக்கயிறு, மூன்று பூந்தொட்டி, மதில் சுவர். மூலையில் தகரக் கூரை போட்ட குளியலறை, வெயிலில் வெளுத்த மரக்கதவு.

முதல் விரிப்பை உதறிக் கொடியில் போடும்போது பக்கத்தில் ஏதோ மின்விசிறி ஓடுவது போலச் சத்தம் கேட்டது. கொல்லையில் ஏது மின்விசிறி? திரும்பிப் பார்த்தாள்.

குளியலறைக் கதவின் வெளித் தாழ்ப்பாள் மேல் அது வந்து உட்கார்ந்தது.

கட்டைவிரல் நீளம். கரிய உடம்பு. வயிற்றைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பட்டை, யாரோ பெல்ட் போட்டு அனுப்பிய மாதிரி. முகம் மட்டும் மஞ்சள். அவள் பார்த்த குளவி எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். உட்கார்ந்த இடத்தில் அது வயிற்று நுனியை மெல்ல மடக்கி நீட்டியது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது. அது என்ன என்று அண்ணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபது வருடமாக அவள் சோறு தின்பதே அந்தச் சாமானை வைத்துத்தான்.

"யாரு அண்ணி? நீங்களா?" உள்ளேயிருந்து டீச்சர் குரல். "குளிச்சாச்சு. வரேன்."

"வராதே!"

"ஏன்?"

"கதவுல ஒரு பூச்சி உக்காந்திருக்கு."

"பூச்சியா? தட்டி விடுங்க அண்ணி."

"தட்டி விடற பூச்சி இல்லடி இது. தட்டினா நம்மளைத் தட்டிப் போட்டுடும். உள்ளயே இரு."

கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. திறந்தால் அந்தப் பெல்ட் போட்ட ஐயா நேராக டீச்சர் கைக்குத்தான் வந்து சேருவார். அண்ணி வாளியை வைத்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து நின்றாள். பூச்சி எழும்பிக் கதவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தகரக் கூரையின் விளிம்பை மோந்து பார்த்தது. திரும்பவும் தாழ்ப்பாளுக்கே வந்தது, பணிக்கு அமர்த்திய காவல்காரன் மாதிரி.

அவள் கணவருக்குப் போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, இரண்டு பேர் உள்ளே மாட்டியிருந்தார்கள்.

"பூச்சியா? என்ன பூச்சி?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? பெருசா இருக்கு, கொடுக்கு இருக்கு. உங்க தங்கச்சி பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டா."

"ஒண்ணும் பண்ணாதே, நான் வந்து பார்த்துக்கறேன்."

"எப்ப வருவீங்க?"

"இங்க ரெண்டு பேரு மாட்டியிருக்காங்கம்மா. மத்தியானம் ஆகும்."

"அதுவரைக்கும் அவ உள்ளயே நிக்கணுமா?"

"தினம் நூறு பேருக்கு ஊசி குத்தறவ நீ. ஒரு பூச்சிக்குப் போய் பயப்படறியே!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணி போனை ஒரு கணம் முறைத்துப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், 'நான் வந்து பார்த்துக்கறேன்' என்று அந்த மனிதர் சொன்ன ஒரு காரியமாவது அவர் வரும்வரை காத்திருந்ததுண்டா?

அதற்குள் மாமனார் ஈரத் தலையோடு வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்று பார்த்தார்.

"குளவி" என்றார்.

"குளவி இவ்ளோ பெருசாவா மாமா இருக்கும்?"

"அப்ப கதண்டு."

"கதண்டு பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்ல. அதனாலதான் கதண்டுன்னு சொல்றேன். பார்த்திருந்தா என்னன்னு தெரிஞ்சிருக்குமே."

அவர் போனில் நாலு படம் பிடித்துத் தன் ஓய்வூதியர் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் பின்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதில்கள் வந்து கொட்ட ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார்.

"கப்பல்ல வந்த வெளிநாட்டுப் பூச்சியாம். மூணு கொட்டு கொட்டினா ஆளே காலியாம்... இன்னொருத்தர், அப்பாவிப் பூச்சி, மண்ணுல கூடு கட்டும், விட்டுடுங்கங்கறார்... இவர் யாரு, மஞ்சள் கலர்ல எதுவும் போட்டுக்காதீங்கன்னு சொல்றார். ஏம்மா, உன் நைட்டி மஞ்சளா இருக்கே?"

"மாமா, தயவுபண்ணி அந்தப் போனை வைங்க."

"அப்பா!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆளே காலின்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல பாப்பா. யாரோ எழுதியிருக்கான். நீ பயப்படாதே."

அண்ணி தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கூடு இருக்காம்மா?"

"கூடு இல்ல. ஒரு பூச்சி."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஆனா பெருசு."

"எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒண்ணு ஒண்ணுதானேம்மா. ஒத்தைப் பூச்சிக்கெல்லாம் வண்டி எடுக்க முடியாது. கூடு கட்டட்டும், அப்புறம் கூப்பிடுங்க."

கூடு கட்டட்டுமாம். முகூர்த்தம் பார்த்துப் பால் காய்ச்சட்டும் என்று சொல்லாத குறைதான்.

இந்த அமளியில் வாசல் மணி அடித்தது. மணி பத்து நாற்பது. மாப்பிள்ளை இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பை நிறையப் பழம். குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வாங்க தம்பி" என்றாள்.

"அவ எங்கக்கா?"

"பாத்ரூம்ல."

"நான் வெயிட் பண்றேன்."

"வெயிட் பண்ணிப் பிரயோஜனம் இல்ல தம்பி. பின்னாடி வாங்க."

மாப்பிள்ளை கொல்லைக்கு வந்தார். பூச்சியைப் பார்த்தார். பூச்சியும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். இறக்கையை ஒருமுறை உதறியது. மாமனார் எழுந்து, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார், ஏதோ கூடத்தில் வரவேற்பது போல. அவர் உட்காரவில்லை. கதவைப் பார்த்தபடி எட்டடி தள்ளி நின்றார்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றார் கதவிடம்.

உள்ளே வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"கேக்குதா? நான்தான்."

"கேக்குது." டீச்சர் குரல், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசுகிற குரல். "ஸ்கூலுக்குப் போனீங்களா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "உள்ள போய் நிதானமா பேசலாமே" என்றார்.

"உள்ளதான் இருக்கேன். எனக்கு வேற வழியில்ல. போனீங்களா, இல்லையா?"

"இன்னும் போகல."

"இன்னைக்கு நாலு மணியோட முடியுது. தெரியுமில்ல?"

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன முடிகிறது? மாமனாரும் போனை இறக்கிவிட்டார்.

"தம்பி" என்றாள் அண்ணி. "மூணு வாரமா இந்த வீட்ல எல்லாரும் நெருப்பு மேல நடக்கற மாதிரி நடந்துட்டு இருக்கோம். அவளும் சொல்ல மாட்டேங்கறா. நீங்களாவது சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?"

"பெரிய விஷயம் இல்லக்கா. எனக்கு மாற்றல் வந்துச்சு. ஏழு மணி நேரப் பயணம், வேற ஊரு. ரெண்டு பேரும் சேர்ந்து போறதுதானே முறை? இவ யோசிக்கணும் யோசிக்கணும்னு இழுத்துட்டே இருந்தா. நல்லதுக்குத்தான்..."

"சொல்லுங்க!" கதவுக்குள்ளிருந்து குரல் உயர்ந்தது. "நல்லதுக்குத்தான் என்ன பண்ணீங்க? சொல்லுங்க!"

டீச்சரே சொன்னாள்.

"என் பேர்ல ராஜினாமா லெட்டர் போட்டார் அண்ணி. எனக்குத் தெரியாம. என் கையெழுத்தையும் அவரே போட்டு."

மாமனார், மாப்பிள்ளைக்குக் காட்டிய நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷ வேலை அண்ணி. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, 'என்னம்மா, சொல்லாம கொள்ளாம போறே'ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரியும். அவங்க நல்லவங்க, லெட்டரை மேல அனுப்பாம மேசைக்குள்ள வச்சிருக்காங்க. விடுமுறை முடியற வரைக்கும் டைம் குடுத்தாங்க. இன்னைக்குத்தான் கடைசி. நாளைக்கு என் இடத்துக்கு வேற ஆள். இவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நீங்க பண்ணினதை நீங்களே போய்ச் சொல்லுங்கன்னேன். மூணு வாரமாச்சு. போனாரா?"

"எப்படிப் போய்ச் சொல்றது?" மாப்பிள்ளைக்குக் குரல் உடைந்தது. "போலிக் கையெழுத்துன்னு போலீசுக்குப் போனா என் வேலை என்ன ஆகும்?"

"உங்க வேலை போயிடக் கூடாது. என் வேலை போலாம். அப்படித்தானே?"

இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அந்த மடிப்புக் கலையாத சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அண்ணிக்கு. நல்ல மனிதராம். அதிர்ந்து பேசமாட்டாராம். அதிராமலே ஒருத்தி வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

"நீ முதல்ல வெளிய வா. முகம் பார்த்துப் பேசிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. யாரும் தடுப்பதற்குள் கொடியிலிருந்த ஈர விரிப்பை இழுத்து, முன்னால் பிடித்துக்கொண்டு கதவை நோக்கிப் போனார்.

"தம்பி, வேண்டாம்!"

விரிப்பு தாழ்ப்பாள் மேல் விழுந்தது. ஆனால் பூச்சி அங்கே இல்லை. அது விரிப்புக்கு மேலே எழும்பி, அவர் தலையைச் சுற்றி உறுமியது. மனிதர் அலறிக்கொண்டே கையை வீசினார். பூந்தொட்டியில் கால் தடுக்கி விழுந்தார். சட்டை மடிப்பெல்லாம் ஈர மண்.

அந்த அலறலைக் கேட்டதும் குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. நனைந்த தலையோடு டீச்சர் வெளியே பாய்ந்து, கையிலிருந்த துண்டால் அவர் தலைக்கு மேலே ஒரு வீசு வீசினாள். அடுத்த நொடி, "ஐயோ!" என்று வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சி நிதானமாக மேலே எழும்பியது. இவ்வளவு நேரம் காவல் காத்த கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

"போயிடுச்சு!" என்றார் மாமனார், தானே விரட்டியது போல.

அதற்குப் பிறகு அண்ணி யார் பேச்சையும் கேட்கவில்லை. டீச்சரை உள்ளே நடத்திப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். வீக்கம் ஏறுவதற்குள் சோப்பு நுரையிலேயே விரலிலிருந்த மோதிரத்தைச் சுழற்றிக் கழற்றினாள். துணியில் பனிக்கட்டி சுற்றி வைத்தாள். ஒவ்வாமை மாத்திரை ஒன்று கொடுத்தாள்.

"நாக்கை நீட்டு. மூச்சு இழுக்குதா? தொண்டை அடைக்கற மாதிரி இருக்கா? உதடு தடிக்குதா?"

"இல்ல அண்ணி. கைதான் உயிர் போகுது."

"கையில உயிர் போனா பரவாயில்ல. வேற ஏதாவது தோணிச்சுன்னா உடனே சொல்லு, நேரா ஆஸ்பத்திரி."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மண் ஒட்டிய சட்டையோடு வாசற்படியில் நின்றார்.

"எனக்காக ஓடி வந்தியே" என்றார் மெதுவாக.

"யாரா இருந்தாலும் ஓடி வந்திருப்பேன்." டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. "அதை வச்சுக் கணக்குப் போடாதீங்க."

இரண்டு மணி நேரம் போனது. மூச்சும் நாக்கும் நன்றாகவே இருந்தன. கை மட்டும் பன் மாதிரி உப்பிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. மணி ஒன்றரை ஆனபோது டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இவர் போகப் போறதில்ல அண்ணி. நானே எழுதிக் குடுத்துடறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க, இனிமே பிரிண்ட் எடுத்த லெட்டரை நம்ப மாட்டேன், கையால எழுதிக் கொண்டு வா, என் முன்னாடி கையெழுத்துப் போடுன்னு. கையெழுத்தை எப்படியாவது கிறுக்கிடுவேன். மீதியை நீங்க எழுதுங்க."

"எழுதறேன். முதல்ல அந்தப் பழைய லெட்டரைக் காட்டு. என்னதான் எழுதியிருக்குன்னு பார்க்கலாம்."

டீச்சர் இடது கையால் போனைத் தேடி, தலைமை ஆசிரியை அனுப்பிய படத்தைக் காட்டினாள்.

"அவங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு தெரியுமா? கையெழுத்தைப் பார்த்தில்ல. கடைசி வரியைப் பார்த்துத்தான். பதினோரு வருஷமா பிள்ளைங்களுக்குப் பிழை திருத்தறவ இப்படி எழுத மாட்டான்னு எடுத்து உள்ள வச்சுட்டாங்க. அந்த ஒரு எழுத்துதான் என்னைக் காப்பாத்திச்சு."

அண்ணி படத்தைப் பெரிதாக்கினாள். கணினியில் அடித்த கடிதம். மதிப்பிற்குரிய ஐயா அம்மா எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கடைசியில் வந்த வார்த்தை, 'பனிவன்புடன்'.

மூன்று சுழி 'ணி' போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'னி'. பணிவு இல்லை. பனி. மூடுபனியில் வருகிற பனி.

அண்ணி போனை மேசையில் வைத்தாள்.

அந்தப் பிழையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு விடுப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதுவது அண்ணியின் கணவர்தான். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் இதே பனி பெய்திருக்கும். அண்ணி அடித்து மேலே மூன்று சுழி போட்டுக் கொடுத்து அனுப்புவாள். "ரெண்டு சுழியோ மூணு சுழியோ, லீவு கிடைச்சாச் சரி" என்பார் அவர். அத்தனை வருடமும் அவரைத் திருத்தவே முடியவில்லை.

மெல்லத் தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதை அடிச்சது நீங்களா?"

"ஏங்கக்கா?" என்றார். அதோடு சரி, நிமிரவே இல்லை.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் அண்ணிக்குச் சாட்சி தேவைப்படவில்லை. மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்து, 'என்னம்மா ஆச்சு, அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா?' என்று கரிசனமாகக் கேட்ட குரல் காதில் ஒலித்தது. அப்போதெல்லாம் இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அடடா, தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று உருகியிருக்கிறாள்! தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

டீச்சருக்குத் தெரியாது. அண்ணன் எழுதிய கடிதம் எதையும் அவள் படித்திருக்க வாய்ப்பில்லை. சொல்வதா? வீங்கிய கையோடு உட்கார்ந்திருப்பவளிடம், இந்த வீடும் உனக்குப் பிறந்த வீடு இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால், அந்தக் கடிதத்தில் அண்ணிக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடாதா?

"எழுதலாமா அண்ணி?"

"ம்." காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தாள். 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தாள். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. கண்ணுக்கே தெரியாத நரம்பிலும் குறி தப்பாத கை.

வாசலில் வண்டிச் சத்தம். கணவர் வந்துவிட்டார். ஒரு கையில் கருவிப் பெட்டி, இன்னொரு கையில் பூச்சி மருந்து டப்பா.

"எங்க அந்தப் பூச்சி?"

"காலையிலயே போயிடுச்சு" என்றார் மாமனார்.

"கொட்டிடுச்சா? அடப்பாவமே! பாப்பா, கையைக் காட்டு. என்ன இப்படி வீங்கியிருக்கு? வாங்க மாப்பிள்ளை, எப்ப வந்தீங்க?" ஒரே மூச்சில் எல்லாரையும் விசாரித்துவிட்டு மேசைக்கு வந்தார். "இது என்ன எழுதிட்டு இருக்கே?"

"ஸ்கூலுக்கு ஒரு லெட்டர்ணா" என்றாள் டீச்சர். "சீக்கிரம் போகணும். அப்புறம் எல்லாம் விவரமா சொல்றேன்."

கணவர் குனிந்து பார்த்தார். "உன் கையெழுத்தா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு. தள்ளு, நான் எழுதறேன். பாப்பா, நீ சொல்லு."

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "அக்காவே எழுதட்டுமே."

"ஏன் மாப்பிள்ளை, நான் எழுதினா ஆகாதா?"

பேனா அண்ணியின் கையில் இருந்தது. 'வேண்டாம், நானே எழுதறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணவர் தப்பித்துவிடுவார். ராத்திரி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அவரும், 'நல்லதுக்குத்தான் பண்ணேன்' என்று சொல்வார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.

அண்ணி எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். பேனாவை அவர் கையில் வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "என் பெயரில் தங்களுக்கு வந்த ராஜினாமாக் கடிதம்..."

பேனா நின்றது. கணவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியாண்ணா?"

"எழுதறேன், எழுதறேன். சொல்லு."

"...என்னால் எழுதப்பட்டதல்ல. என் அனுமதி இல்லாமல், எனக்குத் தெரியாமல், வேறு ஒருவர் எழுதியது. அதை ரத்து செய்து, நான் பணியில் தொடர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. ஆனாலும் குண்டு குண்டாக, கோடு மாறாமல் எழுதிக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்தார். அண்ணி அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்தாள்.

"ஆச்சு. இந்தா" என்று நீட்டினார்.

டீச்சர் இடது கையால் காகிதத்தை வாங்கினாள். பிள்ளைகளின் நோட்டைப் படிக்கிற மாதிரி, வரி வரியாக, அவசரப்படாமல் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில், அந்த இரண்டு சுழி 'னி'யில் அவள் கண் நின்றது. போனில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அண்ணி" என்றாள் தலை நிமிராமல். "வீட்ல சிவப்புப் பேனா இருக்கா?"